அப்பா வாசித்த நாடகம்

அப்பாவுக்குக் காது கேட்காமல் போனது ஒரே நாளில் நடந்த காரியமில்லை. எஞ்சின், டிரைவரின் இடது முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்த காலத்து அரசுப் பேருந்துகளை வத்தலக்குண்டுக்கும் கோடைக்கானலுக்கும் இடையே ஏற்றி இறக்கியவர் அவர். மலையேறும் வழி முழுக்க இரண்டாவது கியரில் அது உறுமிக்கொண்டே வரும். முதலில் இடது காது போயிற்று. பிறகு வலது காதும் அதன் வழியே போயிற்று. இப்போது அடுப்படியில் குக்கர் விசிலடித்தால் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் வாசத்தை வைத்தே பருப்பு வெந்துவிட்டதைச் சொல்லிவிடுவார். மதுரையில் வாங்கிய காது மெஷின் போட்ட நாளிலிருந்து ஊளையிட்டது. "காதுக்குள்ள நரி கெடக்கு" என்று கழற்றி வைத்தவர்தான், பிறகு தொடவில்லை.

அம்மா இருந்தவரை சாயங்காலத் தொடர்களை அவருக்கு அவள்தான் சொல்வாள். டிவிக்கு முதுகைக் காட்டி, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, உதட்டைப் பெரிதாக அசைத்து, கையையும் ஆட்டி, "மருமக வீட்ட விட்டுப் போறா. மாமியாக்காரி தடுக்கல" என்று ஓட்டிக்கொண்டு போவாள். டிவியில் அரைமணி நேரம் அழுததை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவாள். அம்மா இறந்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. எனக்கு அது வரவில்லை. என் உதடு அவருக்குப் பிடிபடவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். "என்னத்தா? என்ன சொன்னான்? யாரு செத்தா?" என்று அவர் சத்தம் போடுவார், நானும் சத்தம் போடுவேன். கொஞ்ச நாளில் இரண்டு பேருமே அதை விட்டுவிட்டோம்.

அவர் செய்திச் சானலுக்கு மாறினார். செய்திக்காக இல்லை, அடியில் ஓடும் எழுத்துக்காக. அணை நீர்மட்டம், தங்கம் விலை, அமைச்சர் பேட்டி என்று அதே வரிகளை நாள் முழுக்க வாய்விட்டு வாசிப்பார். எவ்வளவு சத்தமாக வாசிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த அறையில் உட்கார்ந்து, காதில் பிரெஞ்சைக் கேட்டுக் கையால் தமிழ் எழுத வேண்டியவள் நான்.

அந்த வேலை எனக்கு வந்ததே ஒரு வேலை போனதால்தான். புதுச்சேரியில் எம்.ஏ. முடித்து, சில வருடம் அங்கேயே ஒரு கல்லூரியில் இருந்துவிட்டு, பிறகு சொந்த ஊரான கோடைக்கானலுக்குத் திரும்பி ஓர் உறைவிடப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் சேரவில்லை என்று பாடத்தையே எடுத்துவிட்டார்கள். வேறு எந்தப் பள்ளியிலும் இடமில்லை. அப்போது சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் கூப்பிட்டது. கனடாவில் தொலைக்காட்சி தொடங்கிய காலத்துப் பிரெஞ்சு நாடகங்களை ஒரு காப்பகம் இணையத்தில் போடப் போகிறது, கனடாவில் தமிழர்கள் நிறைய இருப்பதால் திரையின் அடியில் ஓட தமிழிலும் வசனம் எழுத வேண்டும் என்றார்கள். எனக்கு வந்தது கறுப்பு வெள்ளையில் ஒரு குடும்பத் தொடர். அதன் பெயரை எங்கேயும் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. சொன்னாலும் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஒரு பனி ஊர். மாடி வீடு. வெளிப்பக்கமாக வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டு. உள்ளே ஒரு சமையலறை. கதையில் முக்கால்வாசி அங்கேதான் நடக்கும். தகப்பன் பிஸ்கட் தொழிற்சாலையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். தாய் வீட்டிலிருந்தபடியே அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைப்பவள். மூத்த மகள் கையுறை தைக்கும் ஆலைக்குப் போகிறாள், இளைய மகன் சும்மா திரிகிறான். நேரடியாக நடித்து அப்படியே ஒளிபரப்பிய காலம் அது. யாராவது கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். நடிகர் வசனத்தை மறந்துவிட்டால் இன்னொருவர் எடுத்துக் கொடுப்பது தெரியும்.

அவர்கள் பேசிய பிரெஞ்சு நான் படித்த பிரெஞ்சு இல்லை. 'நான்' என்பதற்கு 'முவா' என்று நான் படித்ததை அவர்கள் 'முவே' என்றார்கள். ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து வந்த ஆங்கிலப் பிரதி கம்ப்யூட்டர் கேட்டு எழுதியது. அதில், தாய் மகனைத் திட்டுகிற இடத்தில், இரண்டு பேரும் மீன்குழம்பைப் பற்றிப் பேசுவதாகப் போட்டிருந்தது. முதல் மாதம் முழுக்க, பிரெஞ்சு வாத்தியார் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டதை நினைத்து எனக்கே எரிச்சலாக இருந்தது. பிறகு மெதுவாகப் பிடிபட்டது. அது வானொலிப் பிரெஞ்சு இல்லை, பாரிஸ் பிரெஞ்சும் இல்லை. ஆலைக்கும் கரிக்கடைக்கும் போகிறவர்கள் வீட்டில் பேசுவது. அந்தத் தொடர் அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்துப்போனதே அதனால்தான் என்று காப்பகம் அனுப்பிய குறிப்பிலும் எழுதியிருந்தது. அப்படியானால் தமிழிலும் வீட்டில் பேசுகிற தமிழைத்தானே எழுத வேண்டும்? எழுதினேன். எனக்குத் தெரிந்தது எங்கள் பக்கத்துப் பேச்சு. 'வெரசா வாங்க', 'சோலி முடிஞ்சதா' என்றெல்லாம் அந்தப் பனி ஊர்க்காரர்கள் பேசத் தொடங்கினார்கள்.

லாப்டாப்பின் சின்னத் திரையில் எழுத்து சரியாக விழுகிறதா என்று தெரியவில்லை என்பதால், ஒரு மத்தியானம் முதல் பகுதியை வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தேன். அப்பா டீ டம்ளரோடு வந்தவர் நின்றுவிட்டார். "மருந்த எங்கன வச்ச?" என்று திரையிலிருந்ததை வாசித்தார். அடுத்த வரியையும் வாசித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"இது என்ன படம்? தமிழ்ல எழுத்து போடுறான்?"

நான்தான் போடுகிறேன் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினேன்.

"நீயா? இதா நீ உள்ள உக்காந்து செய்யுற வேல?" என்றார். அதுவரை என் வேலை என்னவென்று அவர் கேட்டதில்லை. நானும் எழுதிக் காட்டியதில்லை. "செரி, தள்ளு. மறைக்காத."

அன்றிலிருந்து, நான் முடித்த ஒவ்வொரு பகுதிக்கும் அவர் காத்திருக்க ஆரம்பித்தார். தமிழ்த் தொடர்கள் எதற்கும் தமிழில் எழுத்துப் போடுவதில்லை. காது கேட்காத தமிழனுக்கு அவன் மொழி நாடகத்தில் இடமே கிடையாது. அவருக்குப் புரிந்த ஒரே குடும்பக் கதை, அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் உலகத்தின் இன்னொரு மூலையில் யாரோ பிரெஞ்சில் நடித்தது. இதை நினைத்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான். யார் மேல் என்று தெரியாத கோபம்.

அவர் நல்ல பார்வையாளர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் வாய்விட்டு வாசிப்பார். கதையின் நடுவே ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிட்டு, "அந்தப் படிக்கட்டுல ஒறஞ்சு கெடக்கே, மணலு போடமாட்டானா?" என்பார். மேல்மலையில் கவுஞ்சி கிராமம் வரைக்கும் உறைபனிக் காலத்தில் வண்டி ஓட்டியவர். பனி அவருக்குத் தெரியும். மூத்த மகள் ஆலைக்காரப் பையனோடு நடனக் கூடத்துக்குப் போனபோது கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் புள்ள வீட்டுக்கு வந்திருச்சா?" என்று என் அறைக் கதவைத் தட்டினார்.

கதையின் பாதியில் அந்தத் தொழிற்சாலைக்கு எண்ணெயில் எரியும் புதுக் கொதிகலன் வருகிறது. கரி அள்ள ஆள் வேண்டாம் என்கிறார்கள். தகப்பனுக்கு வேலை போய்விடுகிறது. அவர் வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல மனைவி கட்டிக்கொடுத்த தகர டப்பாவை வாங்கிக்கொண்டு, படியிறங்கி, ரயில் நிலையத்துக்குப் போய்க் காத்திருப்போர் அறையில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். ரயில்கள் வருகின்றன, போகின்றன. மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறார். சாயங்காலம் கையில் கொஞ்சம் கரித்தூளை எடுத்துத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அந்தப் பகுதியில் வசனமே குறைவு. அப்பாவுக்கு வாசிக்க ஒன்றும் இல்லை. வாசிக்காமல், ரிமோட்டைத் தொடாமல் பார்த்தார். முடிந்த பிறகு, "வீட்டுக்குத் தெரிஞ்சு போகுமா?" என்று கேட்டார்.

அடுத்த பகுதியில் தெரியவில்லை. அதற்கடுத்த பகுதியில் மகன் ரயில் நிலையத்துப் பக்கமாக வருகிறான். தூண் மறைவில் ஒதுங்குகிற தகப்பன் முகத்தோடு முடிகிறது. அப்பா தினமும் காலையில் கேட்டார். "தெரிஞ்சிருச்சா?" சாப்பிடும்போது கேட்டார். மாத்திரை போடும்போது கேட்டார். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. சென்னையிலிருந்து அடுத்த கோப்பு வந்ததும் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டுத் திறந்தேன்.

திறந்தால், தகப்பன் சமையலறை மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறார். பட்டப்பகல். மனைவி பக்கத்தில் தைத்துக்கொண்டிருக்கிறாள். தகர டப்பாவில் அவளுடைய பொத்தான்கள் கிடக்கின்றன. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று யாரும் பேசவில்லை.

நடுவில் ஒரு பகுதி இல்லை.

சென்னைக்குப் பேசினேன். என் வேலைகளைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்னப் பெண். நல்ல பெண். அதுதான் கஷ்டம், சத்தம் போட முடியாது.

"அது லாஸ்ட் எபிசோட் மேம்."

"கடைசியா? இன்னும் எத்தனையோ இருக்கேம்மா."

"ஐயோ, தொலைஞ்சு போன எபிசோட் மேம். அந்தக் காலத்துல லைவா போட்டுட்டு வச்சுக்கலையாம். டிவி முன்னாடி கேமரா வச்சுப் பிடிச்சதுதான் இதெல்லாம். அது ஒண்ணு கிடைக்கலையாம். 'இந்தப் பகுதி கிடைக்கவில்லை'ன்னு ஒரு கார்டு போட்டுடலாம் மேம்."

வசனப் பிரதியாவது இருக்குமா என்று கேட்டேன். காப்பகத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றாள். எழுதினாள். இல்லை என்று பதில் வந்தது.

அப்பாவுக்கு இதை எழுதிக் காட்டியபோது அவர் நம்பவில்லை. நான்தான் எங்கேயோ அழித்துவிட்டேன் என்று நினைத்தார். "அத்தன பேரு நடிச்சத எப்படித் தொலைப்பான்? நடுவுல பாலம் இல்லன்னா வண்டிய எப்பிடி ஓட்டுறது?" என்றார். பிறகு, "நீ படிச்சவதான? என்ன நடந்திருக்கும்னு நீயே எழுதிப் போடு" என்றார்.

இல்லாததை நான் எழுத முடியாது என்று எழுதினேன். "அப்ப உனக்கும் தெரியாது" என்றார். தெரியாது என்று எழுதினேன். அவர் விடவில்லை. மகன் பார்த்துச் சொல்லியிருப்பானா, தொழிற்சாலைக்காரன் யாராவது வந்திருப்பானா, அவளே பின்னால் போய்ப் பார்த்திருப்பாளா? சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார். சீசன் நேரம், கீழே ரோட்டில் சுற்றுலா வண்டிகள் காலையிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவருக்கு அது கேட்காது. எனக்குக் கேட்டது. அன்று என் பொறுமை போய்விட்டது. தாளை எடுத்து, 'அது வெறும் நாடகம். உங்களுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?' என்று பெரிய எழுத்தில் எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"என்னையும் வண்டிய விட்டு எறக்கிட்டாங்கல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஓய்வு பெற்றதைச் சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

"ரிட்டயர்டு ஆகுறதுக்கு முன்னாடியே. மெடிக்கல்ல காது ஆகாதுன்னு எழுதிட்டான். ஸ்டீரிங்க தொடக்கூடாதுன்னுட்டாங்க. வத்தலக்குண்டு டெப்போல உக்கார வச்சிட்டாங்க. டயரு எண்ணுற சோலி. வீட்ல சொல்லல. வெள்ளனே எந்திரிச்சு, காக்கிய மாட்டிக்கிட்டு, பேக்க எடுத்துக்கிட்டு, மொத வண்டில பாசஞ்சரா கீழ போவேன். அந்த வண்டிய என்கிட்ட ஓட்டப் படிச்ச பய ஓட்டுவான். நான் முன் சீட்டுல உக்காந்திருப்பேன்."

நான் தாளைத் தேடினேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று எழுதினேன்.

"பஸ் ஸ்டாண்டு பூரா தெரியும். அவளுக்கு எப்பிடித் தெரியாமப் போகும்? ஆனா கேக்கல. நானும் சொல்லல. ஒரு நா சாப்பாட்டுப் பையில ஸ்வெட்டரு இல்ல. நாள் பூரா மலை ஏறி எறங்குறவனுக்கு மேல குளிருக்கு ஸ்வெட்டர் வேணும். அதனால எப்பவும் அவ வச்சு விடுவா. அன்னைக்கு அதுக்குப் பதிலா ஒரு விசிறிய வச்சிருந்தா. கீழ டெப்போலயே உக்காந்திருக்கவனுக்கு வெக்கையில்ல? அப்பத்தான் தெரிஞ்சுச்சு, அவளுக்குத் தெரியும்னு." அவர் எழுந்தார். "எப்பிடித் தெரிஞ்சுச்சு, யாரு சொன்னா, கேட்டு அழுதாளா... ஒண்ணும் தெரியாது எனக்கு. அதான் இவன் வீட்ல எப்பிடின்னு பாக்கலாம்னு பாத்தேன்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. அவர் அதற்குள் வெளியே போய்விட்டார். காது கேட்கிற மனிதரென்றால் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடலாம். இவரிடம் அது முடியாது. கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். மஞ்சு மூட்டம் இறங்கி அவர் முதுகு மறைந்துவிட்டது.

வத்தலக்குண்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன்.

"தெரியும்க்கா" என்றான். "கடைக்கு வர்ற டிரைவருக எல்லாம் சொல்லுவாங்கல்ல. நான் அம்மாட்ட கூட கேட்டேன். 'நீ வாயத் தொறக்காத, அவரா சொல்லட்டும்'னுச்சு."

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையேடா!"

"நீ அப்ப பாண்டிச்சேரிலல்லக்கா இருந்த."

போனை வைத்தேன். ஒரு குடும்பமே ஒரு நாடகத்தை நடத்தி முடித்திருக்கிறது. நான் வேறொரு ஊரில் உட்கார்ந்து வினைச்சொல் அட்டவணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று மாலை அப்பா திரும்பி வந்ததும் தாளை நீட்டினேன். வாசித்தார். தம்பி சொன்னதையே அவரும் சொன்னார். "நீ இங்க இல்லியே." குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சில வாரத்தில் அந்தத் தொடரில் நான் அதுவரை முடித்த பகுதிகள் தமிழ் வசனத்தோடு இணையத்தில் வந்தன. தம்பி தன் போனிலிருந்து டிவிக்கு இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அப்பாவுக்கு, நான் செய்தது ஊருக்கெல்லாம் தெரிகிறது என்பதில் கொஞ்சம் பெருமை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பகுதியின் முதல் காட்சியில், காலையில் வேலைக்குப் புறப்படுகிற கணவனிடம் மனைவி டப்பாவை நீட்டுகிறாள்.

"உன் இரவு உணவை மறந்துவிடாதே" என்று அப்பா வாசித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "காலையில போறவனுக்கு ராச் சாப்பாடு எதுக்குக் கட்டிக் குடுக்குறா?"

நான் எழுதியது 'மத்தியானச் சோற எடுத்துக்கங்க' என்று. நான் படித்த பாடப் புத்தகத்தில் 'தினே' என்றால் இராச் சாப்பாடு. அந்த ஊரில் அதே சொல்லுக்கு மத்தியானச் சாப்பாடு. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு நாள் ஆயிற்று. யாரோ அகராதியைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள்.

"இவ என்ன, புருசன நீ வா போன்னு பேசுறா? முந்தி மருவாதயா பேசிக்கிட்டிருந்தாளே."

அதையும் திருத்தியிருந்தார்கள். பிரெஞ்சில் மனைவி கணவனை ஒருமையில்தான் சொல்கிறாள். அது அங்கே நெருக்கம். இங்கே, அந்த வயதில், அப்படிப்பட்ட வீட்டில், ஒரு பெண் புருஷனிடம் நெருக்கமாகப் பேசினால் அதற்கும் 'ங்க' உண்டு. 'வாங்க' என்பதற்குள்ளேயே எத்தனை குரல் இருக்கிறது? இதையெல்லாம் நான் குறிப்பாக எழுதித்தான் அனுப்பியிருந்தேன்.

அப்பா கையைக் காட்டினார். அந்த உருளைக்கிழங்குக் காட்சியைப் போடச் சொன்னார். போடவேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. போட்டேன்.

'இந்தப் பகுதி கிடைக்கவில்லை' என்ற அட்டை வந்து போனது. தகப்பன் கிழங்கு சீவுகிறார். மனைவி தையலிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே ஒரு வரி சொல்கிறாள். அவளுக்குத் தெரியும் என்பதற்கு அந்த நாடகம் முழுவதிலும் இருக்கிற ஒரே வரி. 'குளிர்ல அங்கன போயி உக்காரணுமா? இங்கனயே இருங்களேன்' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பலவிதமாக எழுதிப் பார்த்து, வேறு வழியில்லாமல் அம்மா எப்படிச் சொல்லியிருப்பாள் என்று யோசித்து எழுதியது. அப்பா அதை முதல் தடவை வாசித்தபோது குரல் தணிந்து வாசித்தார். குரலைத் தணிக்க அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

திரையில் இப்போது, "குளிரில் அங்கே சென்று அமராதே. இங்கேயே இரு" என்றிருந்தது.

அப்பா வாசித்தார். மறுபடி ஒரு தடவை வாசித்தார்.

"நாயச் சொல்ற மாதிரில்ல சொல்றா" என்றார். டிவியை நிறுத்திவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

நான் சென்னைக்குப் பேசினேன். இந்தத் தடவை சத்தமும் போட்டேன்.

"மேம், ஸ்டைல் கைடுல பொதுத் தமிழ்னு இருக்கு மேம். ரிவ்யூவர் ரொம்ப சீனியர். 'கெடக்கு', 'அங்கன' எல்லாம் ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு மார்க் பண்ணிட்டார்."

"ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா? அந்த மனுசங்க அப்படித்தாம்மா பேசுறாங்க. பிரெஞ்சுலயும் அப்படித்தான் பேசுறாங்க. அதுக்காகத்தானே அந்த நாடகமே!"

"எனக்குப் புரியுது மேம். ஆனா யூசர்ஸ்க்குப் புரியாதுல்ல?"

யூசர் ஒருவர் இங்கே உட்கார்ந்து புரியவில்லை என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டார் என்று சொல்ல நினைத்தேன். அன்றைக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். எந்த வரி, எப்படி இருந்தது, எப்படி மாறியது, ஏன் தப்பு என்று காட்சி காட்சியாக எழுதினேன். பாதி எழுதும்போது பெருமாள் மலைப் பக்கம் மரம் விழுந்து கரண்டு போய்விட்டது. மறுநாள் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் இன்னொரு மின்னஞ்சல் வந்தது: தமிழில் பார்ப்பவர்கள் போதவில்லை, அதனால் மீதிப் பகுதிகளுக்குத் தமிழ் வசனம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். யார் பார்ப்பார்கள், இரவு உணவைக் காலையில் கட்டிக்கொண்டு போகிற மனிதனை? அந்தச் சின்னப் பெண் தனியாகப் போன் செய்து வருத்தப்பட்டாள். அவளுக்கும் அங்கே வேலை நிச்சயமில்லையாம். அவளைத் தேற்ற வேண்டியதாகப் போயிற்று.

மீதிப் பகுதிகள் வெறும் பிரெஞ்சில் இணையத்தில் கிடந்தன. அப்பாவிடம் வேலை நின்றுபோனதை எழுதிக் காட்டினேன்.

"செரி, அவன் நிறுத்திட்டான். நீயுமா நிறுத்திட்ட?" என்றார்.

அதனால் இப்போது அவருக்காக மட்டும் எழுதுகிறேன். காலையில் ஆன்லைனில் இரண்டு பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துவிட்டு, மத்தியானம் இதில் உட்காருகிறேன். பென் டிரைவில் ஏற்றி டிவியில் போட்டால் எழுத்து சின்னதாக இருக்கிறது என்பார். பெரிதாக்கினால் ஆளை மறைக்கிறது என்பார். "வெரசா ஓடுது, நிறுத்தி ஓட்டு" என்பார். எடிட்டர் கிடையாது, திருத்துகிறவர் கிடையாது என்று நினைத்திருந்தேன்; இவர் அவர்கள் எல்லாரையும்விட மோசம். மூத்த மகள் தகப்பனிடம் எதிர்த்துப் பேசுகிற வரியை மாற்றச் சொல்லி ஒரு முழு நாள் சண்டை. 'அவள் அப்படித்தான் சொல்கிறாள்' என்று எழுதினேன். "சொன்னா என்ன, நீ கொஞ்சம் கொறச்சுப் போடுறது" என்றார். குறைக்க மாட்டேன் என்று எழுதினேன். அந்தச் சீனியர் ரிவ்யூவரிடம் பேச முடியாததை எல்லாம் சேர்த்து அப்பாவிடம் எழுதினேன். பள்ளங்கியிலிருந்து காய்கறி கொண்டுவரும் அம்மாள் வாசலில் நின்று நாங்கள் போடுகிற சண்டையைப் பார்த்துவிட்டு, ஒருத்தர் கத்துகிறார், ஒருத்தர் எழுதுகிறார் என்று சிரித்துக்கொண்டு போனாள்.

போன வாரம் கடைசிப் பகுதியை முடித்தேன். கடினமான பகுதி. மகளின் கல்யாண விருந்து, ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசுகிறார்கள், நடுவே தகப்பன் எழுந்து நின்று ஏதோ சொல்கிறார். அங்கே ஒலிப்பதிவு இரைகிறது. அந்த ஒரு நிமிடத்துக்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று. கண் எரிந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து, எழுத்தின் அளவையும் அவர் கேட்டபடி வைத்து, டிவியில் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டு வந்து உட்காரவைத்தேன்.

"இதா கடசி?" என்றார்.

தலையாட்டினேன்.

"அப்ப இன்னைக்கு வேணாம்."

ஏன் என்று கையால் கேட்டேன்.

"பாத்துட்டா முடிஞ்சிரும்ல. அப்புறம் என்னத்தப் பாக்குறது? அது பாட்டுக்கு கெடக்கட்டும்" என்று எழுந்து போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டார்.

நேற்றும் கேட்டேன், வேண்டாம் என்றார். இன்றும் வேண்டாம் என்கிறார். அந்தக் கல்யாண விருந்தில் அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதை நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அதை வாசிக்க இருக்கிற ஒரே ஆள், வெயில் நகர நகர நாற்காலியை நகர்த்திக்கொண்டு, முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்.